தகட்டுக்கு அடியில்

ஆக்ரன், ஒஹாயோ
1986 மார்ச் 3

அன்புள்ள அல்சீட்,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். சேர்ந்த செய்திக்கு நீ ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை. சரி, நானே எழுதுகிறேன். போன் செய்யலாம் என்றால் நான் கத்துகிற கத்தலில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும், உனக்கு மட்டும் கேட்காது. ஆலைகளில் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று வயதான காது அது.

நின்றது. நீ இன்சுலேஷன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன குழாய் இரண்டு மணி நேரமும் நின்றது.

நீ பஸ் ஏறிய மறுநாள் காலை அதை எங்கள் பரிசோதனை உலையில் வைத்தோம். மேலே போட்ட அலுமினியத் தகடு கொஞ்ச நேரத்திலேயே உருகி ஒழுக ஆரம்பித்தது. அது எப்போதும் நடப்பதுதான். தகடு மழைக்கும் வெயிலுக்கும், நெருப்புக்கு உள்ளே இருக்கிற இன்சுலேஷன் கட்டிதானே. மேரியன் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தயாரித்த கட்டிகளோ வெள்ளை வெளேரென்று குழாயைக் கவ்வியபடி அப்படியே இருந்தன. வெளியே இழுத்ததும் எங்கள் மேலாளர் ஹாஸ்கல் வழக்கம்போல ஹோஸை என் கையில் கொடுத்தார். கூடத்தில் எத்தனையோ இளவட்டங்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆவி முகத்தில் அடிக்கும்போது பின்வாங்காமல் நிற்பது நான் ஒருத்திதான் என்பது அவர் கணக்கு. முழு வேகத்தில் தண்ணீரை அடித்தேன். ஒரு துண்டு விழவில்லை. மேரியன்காரர்களில் ஒருவர் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். என் மேல் இருந்த கரியைக் காட்டி விலகிக்கொண்டேன்.

அவர்கள் உன்னைத் தேடிப் பிடித்து ஆயிரம் மைல் தாண்டி வரவழைத்ததில் தப்பே இல்லை. இந்த மாதிரிப் பரிசோதனைக்கு எல்லாக் கம்பெனியும் தன் பக்கத்தில் உள்ள நல்ல கையைத்தான் அனுப்புகிறது. உன்னை விட நல்ல கை எங்கே இருக்கிறது?

கட்டி நெருப்பைத் தாங்கினால் மட்டும் போதாது, அணைக்க வருகிறவன் அடிக்கிற தண்ணீரையும் தாங்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. இப்போது அதைச் சொல்லும்போதெல்லாம் நம் பிள்ளை எம்மெட் ஞாபகம் வருகிறது. அங்கே ஆலையின் தீயணைப்புப் படையில் சேரப் போகிறேன் என்று அவன் நின்றபோது, பக்கத்தில் இருந்த நீயாவது தடுத்திருக்கலாம்.

மாதா கோயில் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும்போது நீ ஒன்று கேட்டாயே, இங்கேயே வந்துவிடட்டுமா என்று. நான் உன்னை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. பேசினால் பதில் வராத வீட்டில் பேசிப் பேசி அலுத்துப்போய் வந்தேன். கடிதத்தில் நீ வேறு ஆளாக இருக்கிறாய், எல்லாம் கேட்கிறது உனக்கு. அதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. யோசிக்கிறேன். பின்னறையில் சாமான்தான் அடைந்து கிடக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
லோர்னா

பி.கு.: உன் கட்டிங் பிளேயரை இங்கேயே விட்டுவிட்டாய். மறந்து போய் விட்டது மாதிரித் தெரியவில்லை. கம்பியை முறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிற பழக்கமும் உனக்கு இன்னும் போகவில்லை. கூடத்துப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள், நானும்தான்.


சல்ஃபர், லூசியானா
மே 18

லோர்னா,

எனக்குக் காது கேட்காது என்று எழுதியிருக்கிறாய். கண் நன்றாகத் தெரிகிறது, படித்தேன். பிளேயர் உன்னிடமே இருக்கட்டும். ஒரு தொழிலாளி கருவியை விட்ட இடத்துக்குத் திரும்பி வருவான்.

இங்கே நண்டு சீசன் முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை வாங்கிப் பின்கட்டில் வேகவைத்தோம். நானும் எம்மெட்டும் மட்டும் என்று ஆரம்பித்தது, வாசனை பிடித்துப் பாதித் தெரு வந்துவிட்டது. உன் பிள்ளை தின்கிற வேகத்துக்கு என்னால் ஓடு உரிக்க முடியவில்லை. தீயணைப்புப் படையில் அவனை ஹோஸ் முன்னால் பிடிக்கிற ஆளாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா மாதிரி என்று சொன்னேன், அவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

இன்னொரு செய்தி. ஆலையில் புரோபேன் எரிவாயு டாங்கிலிருந்து வருகிற பெரிய குழாய் லைனுக்கு மேரியன் கட்டிதான் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கூடத்துச் சான்றிதழைக் காட்டித்தான் விற்றார்களாம். நான் கட்டி, நீ தண்ணீர் அடித்து, நம் பிள்ளை வேலை பார்க்கிற இடத்துக்கே வந்திருக்கிறது பார். எம்மெட் படைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான்: "எங்கப்பா கட்டுனது, எங்கம்மா தண்ணியடிச்சுப் பாத்தது. ரெண்டு மணி நேரத்துக்கு நான் அது கீழயே கட்டில் போட்டுப் படுப்பேன்டா."

கட்டுகிற வேலை எங்களுக்கு வரவில்லை. ஹூஸ்டன் ஆள் ஒருவன் மலிவாகக் கேட்டு எடுத்துவிட்டான். ஹாலிஸ் என்று அவனுடைய மேஸ்திரி ஒருவன், மெலிந்த ஆள், மரியாதையாகத்தான் பேசுகிறான். எப்படிக் கட்டுகிறார்கள் என்று எம்மெட்டோடு போய்ப் பார்த்தேன். லோர்னா, அவர்கள் கட்டியைக் குழாயில் வைத்து டேப் ஒட்டுகிறார்கள்! பிறந்தநாள் பெட்டிக்கு ஒட்டுகிற மாதிரி. ஒட்டிவிட்டு மேலே தகட்டைப் போட்டு, தகட்டின் மேல் பட்டையை இறுக்கிவிடுகிறார்கள். கேட்டால் ஹாலிஸ், கட்டும் முறைக்கு மேரியன் போட்ட படத்தை விரித்துக் காட்டுகிறான். தகடு போடும் வரை கட்டியை எதை வைத்தாவது பிடித்து நிறுத்திக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறதாம். இருக்கட்டும். நான் சிரித்த சிரிப்பில் அவன் ஆட்களுக்கே வெட்கமாகிவிட்டது.

இலையுதிர் காலம் வந்ததும் யூனியனில் பெயரை எடுத்துவிட்டு வருகிறேன். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் வீட்டை விற்பதற்கு முன்.

அல்சீட்


ஆக்ரன்
ஜூலை 20

அன்புள்ள அல்சீட்,

வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னறையைக் காலி பண்ணி மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டேன். வெள்ளை அடிக்கலாம் என்று போனேன், நாலு மாதம் வெளியே பனியைப் பார்க்கிறவனுக்கு உள்ளேயும் வெள்ளை எதற்கு என்று தோன்றியது. ஜன்னலுக்கு நேரே கட்டில் போட்டிருக்கிறேன். தனி அறை என்றதும் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. முதலில் பக்கத்து அறையில் இருந்து பழகு, அப்புறம் பார்க்கலாம்.

ஹாஸ்கலிடம் சொன்னேன். உலைக்கூடத்தில் மாதிரிக் குழாய் கட்ட நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவரும் தேடுகிறாராம். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு எம்மெட்டைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. வேலை இருக்கிறது என்பான், கேட்காதே. கேட்காமல் இருப்பது உனக்குச் சுலபம்தானே.

வீட்டை நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடு. வாசல் மக்னோலியாவை வெட்டமாட்டேன் என்று சொல்லுகிறவனுக்குக் கொடு.

உன்
லோர்னா


சல்ஃபர்
செப்டம்பர் 14

லோர்னா,

நீ விமானம் ஏறிப் போனதிலிருந்து வீட்டில் ஒரு விளக்குதான் எரிகிறது. எம்மெட்டின் பூட்ஸ் பின்வாசலில் இருக்கிறது. நகர்த்தவில்லை.

அடக்கத்தன்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் இப்போதுதான் சொன்னார்கள். அவன் கூட நின்று கை வெந்துபோனவனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன், அவன் சொன்னதை எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பம்ப் ஒன்று கசிந்து கீழே தீ பிடித்திருக்கிறது. புரோபேன் லைன் அதற்கு நேர் மேலே. கேப்டன் தூரத்தில் நின்றே அடிக்கலாமா என்று யோசித்தாராம். அந்த லைன் இரண்டு மணி நேரம் தாங்கும், கிட்டப் போய் அடித்தால்தான் பம்ப் அணையும் என்று சொன்னது எம்மெட். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. முன்னால் அவன், பின்னால் இரண்டு பேர். லைனைக் குளிர்விக்க ஒரு முறை மேலே தண்ணீரைத் திருப்பியிருக்கிறான். பட்டதும் கட்டி எல்லாம் ஓடு சரிகிற மாதிரிச் சரிந்து விழுந்திருக்கிறது. குழாய் வெறும் குழாயாக நெருப்பில் நின்றது. "ஓடுங்கடா"ன்னு எங்களப் பாத்துத் திரும்புனான், கொழாய் வெடிச்சிருச்சு, அவ்வளவுதான், என்றான் கை வெந்தவன்.

நான் ஹாலிஸ் தங்கியிருக்கிற டிரெய்லருக்குப் போனேன். கதவைத் திறந்தான். என் பிள்ளையைக் கொன்னுட்டியேடா என்று சட்டையைப் பிடித்தேன். அவன் கையை ஓங்கவில்லை, படத்தில் இருப்பது மாதிரித்தான் கட்டினேன் என்று அழுதான். நான் நம்பவில்லை, ஊரில் யாரும் நம்பவில்லை. அவன் கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இரவில் யாரோ அவன் ஜன்னலை உடைத்தார்களாம். நல்லது.

நவம்பரில் விசாரணைக் குழு உட்காருகிறது. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் கூடத்தில் நின்ற அதே கட்டி இங்கே ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடு. நான் கட்டினது நின்றது, அவன் கட்டினது விழுந்தது. அதை நீ எழுதினால் போதும். அவன் ஜெயிலுக்குப் போவதை நான் பார்க்க வேண்டும்.

அல்சீட்


ஆக்ரன்
அக்டோபர் 5

அல்சீட்,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

நீ கேட்டதைச் செய்தேன். எரித்த மாதிரிகளைக் கூடத்துக்குப் பின்னால் கொட்டகையில் ஒரு வருஷம் வைத்திருப்போம். உன் குழாய் அங்கே இருந்தது. சனிக்கிழமை யாரும் இல்லாதபோது போனேன். தகட்டில் மிச்சம் இருந்ததை வெட்டி எடுத்தேன். அடியில் ஒவ்வொரு கட்டியைச் சுற்றியும் இரண்டு இடத்தில் கம்பி இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் கம்பி, இடது பக்கமாக முறுக்கி, நுனியை மடித்துக் கட்டிக்குள் குத்தி விட்டிருக்கிறது. இடது கைக்காரன் முறுக்கு. அது யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை.

பிறகு மேரியனின் படத்தை எடுத்துப் பார்த்தேன். கம்பி அதில் இல்லை. தகடு போடும் வரை எதை வைத்தாவது பிடித்து நிறுத்தவும் என்று மட்டும்தான் இருக்கிறது. ஹாலிஸ் உன்னிடம் காட்டிய அதே வரி. நீ கம்பியால் பிடித்தாய், அவன் டேப்பால் பிடித்தான். இரண்டுமே படத்தின்படி சரி. தகடு உருகிய பிறகு உன் கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கம்பிதான். அவன் கட்டியைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கே நம்பிக்கை வராமல், சின்னக் குழாய் ஒன்றில் டேப் ஒட்டிக் கட்டி உலையில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வெளியே எடுத்துத் தண்ணீர் அடித்தேன். தண்ணீர் பட்ட உடனே எல்லாம் கொட்டிவிட்டது. நான் ஹோஸைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எம்மெட் கடைசியாகப் பார்த்தது அதைத்தான், அல்சீட். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

நீ கட்டும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். நீ கம்பி முறுக்குவதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன், உனக்கு எழுதக்கூடச் செய்தேன். வேறு எவனாவது படத்தில் இல்லாத கம்பியை எடுத்திருந்தால் அது என்ன என்று கேட்டிருப்பேன். நீ முறுக்கினால் அது எனக்குக் கம்பியாகவே தெரியவில்லை. நீ மூக்கைச் சொறிவது மாதிரி அது.

ஹாலிஸ் பேரில் குற்றம் இல்லை. அது ஒன்று. இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி மேரியன் இன்னும் ஐந்தாறு ஆலைகளுக்கு விற்றிருக்கிறது. அங்கேயும் யாரோ பெற்ற பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தை நம்பிக் கீழே நிற்பார்கள்.

நான் இதை ஹாஸ்கலிடம் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் நீயே எழுது. கம்பி போட்டது நான்தான் என்று குழுவுக்கும் கம்பெனிக்கும் நீயே எழுதினால், அது உன் வாயால் வந்ததாக இருக்கும். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதிக நாள் காத்திருக்க முடியாது.

லோர்னா


சல்ஃபர்
அக்டோபர் 13

லோர்னா,

கம்பி என்னுடையதுதான். கம்பி இல்லாமல் எந்த இன்சுலேஷன்காரன் கட்டுவான்? நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து தகட்டுக்கு அடியில் இரண்டு முறுக்கு போட்டுத்தான் பழக்கம். யாரும் படத்தில் போட்டதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. கோட்டுக்கு உள்ளே சட்டை போடு என்று யாராவது எழுதி வைப்பார்களா?

போனது என் பிள்ளை. அவனைக் கொன்றது நான் என்று நாலு பேர் முன்னால் எழுந்து சொல்லச் சொல்கிறாய். நீ பெற்றவள், உனக்கு எப்படி இந்தக் கடிதத்தை எழுதக் கை வந்தது?

அந்தக் குழாயைத் தூக்கி உலையில் போட்டுவிடு. கம்பெனிக்கு வேறு ஏதாவது காரணம் சொல்லி விற்பனையை நிறுத்தச் சொல்லு. உனக்கா வழி தெரியாது? நீ என் பெயரை வெளியே விட்டால், அந்த மஞ்சள் அறையை வேறு யாருக்காவது வைத்துக்கொள்.

அ.


ஆக்ரன்
அக்டோபர் 22

அல்சீட்,

சொல்லிவிட்டேன். குழாயை ஹாஸ்கல் மேஜை மேலேயே தூக்கி வைத்தேன். அவர் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேரியனுக்குப் போன் போட்டார். சான்றிதழை அன்றைக்கே ரத்து செய்துவிட்டோம். எல்லா ஆலைகளுக்கும் தந்தி போயிருக்கிறது, அந்த லைன்களுக்குக் கிட்டே ஆளை விட வேண்டாம் என்று.

வேறு காரணம் சொல்லப் பார்த்தேன். உனக்காக ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கம்பி என்று சொல்லாவிட்டால், எதைச் சரி செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. டேப்பை இன்னும் இரண்டு சுற்று ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

உன் பெயரும் என் பெயரும் அதில் இருக்கின்றன. குழு உன்னைக் கூப்பிடும். நான் போட்ட கையெழுத்துக்கு நானும் அங்கே வந்து பதில் சொல்லலாம் என்றால், எழுத்தில் கொடுத்தால் போதும் என்றுவிட்டார்கள். உன்னைத் தனியாக விட்டதற்கு என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு. நன்றாகச் சாப்பிடுவதில்லை என்று பாதிரியார் எழுதியிருந்தார்.

லோர்னா


சல்ஃபர்
நவம்பர் 23

அன்புள்ள லோர்னா,

திருநாள், விசாரணை எல்லாம் முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு எம்மெட் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். எங்கள் குடும்பக் கல்லறைகளுக்கெல்லாம் அடிக்கிறபோது அவனையும் வாளி தூக்க வைப்பேன், ஞாபகம் இருக்கும் உனக்கு. இந்த முறை வாளியை நானே தூக்கினேன். பூ நீ அனுப்பியது வந்து சேர்ந்தது, வைத்தேன்.

விசாரணைக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். முதல்நாள் சாயங்காலம் அவன் பூட்ஸை எடுத்து உள்ளே வைத்தேன். வைத்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. கேள்வி கேட்டவர் இளைஞர், நல்ல மனுஷன், எனக்குக் கேட்கட்டும் என்று கிட்டே வந்து நின்று கேட்டார். அவர் கேட்டதும் நான் சொன்னதும் இதுதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"கம்பி போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலிங்க. பழக்கம்."

"ஆலையில டேப் ஒட்டுறத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன்."

அவர் அதை எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தார். திட்டுவார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், யாராவது திட்டியிருக்கலாம். ஹாலிஸ் பேரில் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். என் பேரிலும் இல்லையாம். படத்தில் அந்த வரியை எழுதிய கம்பெனியைத்தான் பிடித்தார்கள். அது சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒரு மேஸ்திரி இன்னொரு மேஸ்திரியிடம், தம்பி இதில் கம்பி போடு, இல்லாவிட்டால் நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, அவனை நக்கல் பண்ணிவிட்டு வந்தேன். எம்மெட்டும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

வெளியே வந்தபோது ஹாலிஸ் காத்திருந்தான். சட்டையைப் பிடித்த கையால் அவனுக்குக் கை கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவனே பிடித்துக்கொண்டான். அவன் மனைவி அந்த டிரெய்லரை விட்டுப் போய்விட்டாளாம். ஊரில் ஒருத்தரும் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தர முன்வரவில்லை. நேற்றுப் போய் நான் போட்டுக் கொடுத்தேன்.

மேரியன் திரும்பவும் கட்டி, திரும்பவும் உங்கள் கூடத்தில் எரிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். என்னைத்தான் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லோர்னா, இனிமேல் நல்ல கையைக் கூப்பிடாதீர்கள். ஹாலிஸைக் கூப்பிடுங்கள். படத்தில் இருப்பதை அப்படியே கட்டுவான், ஒன்று கூட்டமாட்டான், ஒன்று குறைக்கமாட்டான். அவன் கட்டி நின்றால்தான் அது எங்கேயும் நிற்கும். ஹாஸ்கலிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது. நீ சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொருத்தன் வீட்டில் இதே மாதிரி பூட்ஸ் கிடந்திருக்கும். நீ செய்தது சரி. ஆனால் நான் ஆக்ரனுக்கு வரமாட்டேன். ஒரே மேஜையில் உட்கார்ந்து நீ ரொட்டியை எடுத்துக் கொடுத்தால் எனக்கு ஹோஸ் பிடித்த கைதான் தெரியும். நான் வாங்கினால் உனக்கு முறுக்கின கை தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் எத்தனை நாள் சாப்பிட முடியும்? இங்கே அவன் கல்லறை இருக்கிறது. வீட்டை விற்கவில்லை. மக்னோலியா இருக்கிறது.

உன்னை நினைக்காத நாள் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல வராது.

அல்சீட்


ஆக்ரன்
1987 ஜனவரி 25

அன்புள்ள அல்சீட்,

ஹாலிஸ் வந்தான். நீ சொன்னதைச் சொன்னதும் ஹாஸ்கல் மறுபேச்சு பேசவில்லை. புதுப் படத்தில் கம்பியைப் போட்டிருக்கிறார்கள், கட்டிக்கு இரண்டு, எந்தக் கனம், எங்கே முறுக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயர் அதில் எங்கும் இல்லை. இருந்தால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

ஹாலிஸ் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முறை அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினான். உன் வேகம் கிடையாது, அழகும் கிடையாது. சில முறுக்கு கோணலாகக்கூட இருந்தது. இந்த முறை நான் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் ஆனதும் வெளியே இழுத்தார்கள். ஹாஸ்கல் வேறு ஒருவனிடம் ஹோஸைக் கொடுக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அடிக்க வேண்டிய நேரம் வரை அடித்தேன். நேரம் முடிந்தது என்று யாரோ சொன்னார்கள், நான் நிறுத்தவில்லை. அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விழ வேண்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், எம்மெட் நின்றபோது விழுந்தது இப்போது மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று. கடைசியில் ஹாஸ்கலே போய் வால்வை மூடினார். கோணல் முறுக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு துண்டு விழவில்லை. ஹாலிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். நான் அழவில்லை, என் முகம் எல்லாம் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ சொல்வது சரிதான் என்று எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அந்த மேஜையில் என்னாலும் சாப்பிட முடியாது.

மஞ்சள் அறைக்கு ஆள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், பகலெல்லாம் தூங்குவாள், சத்தமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை கல்லறைக்குப் பூ அனுப்புகிறேன். சுண்ணாம்பு நீ அடித்துவிடு.

உன் கட்டிங் பிளேயரை ஹாலிஸ் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சும்மா கிடந்து துருப்பிடித்திருந்தது. தேய்த்து எண்ணெய் போட்டிருக்கிறேன்.

லோர்னா